நன்னடத்தை அலுவலருக்குச் சொல்லாமல் ஊர் மாறிவிட்டேன், இப்போது சொன்னால் கைதாவேனா?

கடிதம் எழுதியிருப்பவர் 26 வயது இளைஞர். ஐடிஐ முடித்தவர், லேத் வேலை தெரிந்தவர். 2022-இல் வரப்புத் தகராறில் பங்காளி ஒருவரைக் கட்டையால் அடித்திருக்கிறார். அடிபட்டவருக்குத் தலையில் தையல். வழக்கு நடந்து, கடந்த ஆண்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டம் 324-ஆம் பிரிவின் கீழ் இவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. முன்பு எந்த வழக்கும் இல்லை, இப்படி விடுவிக்கப்படுபவர்களை நீதிமன்றத்துக்காக மேற்பார்வையிடும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் சாதகமாக இருந்தது. அதனால் சிறைக்கு அனுப்பாமல், இரண்டு ஆண்டு நன்னடத்தைப் பிணையில் விடுவித்தது. தாய்மாமா ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாதம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரைச் சந்திக்க வேண்டும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் வசிப்பிடத்தை மாற்றக் கூடாது, மது அருந்தக் கூடாது, புகார்தாரரிடம் எந்த வம்புக்கும் போகக் கூடாது, அவருக்கு இழப்பீடாக 15,000 ரூபாய் கட்ட வேண்டும் என்பவை முக்கியமான நிபந்தனைகள்.

பத்து மாதம் ஒழுங்காகப் போய்வந்திருக்கிறார். அப்புறம் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். இரண்டு மாதச் சந்திப்பு தவறிவிட்டது. சிம் கார்டையும் மாற்றிவிட்டார். இதற்கிடையே திருவிழாவுக்கு ஊருக்குப் போன இடத்தில் புகார்தாரரின் மகனோடு வாய்த்தகராறு. அவர்கள் ஸ்டேஷனில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறார்கள். அலுவலர் வீட்டுக்குப் போன் செய்து விசாரித்ததாக அம்மா சொல்கிறார். "கேஸ்தான் முடிஞ்சிருச்சே, சும்மா கையெழுத்துதானே, இப்போ போய்ச் சொன்னாத்தான் உள்ளே வைப்பாங்க" என்கிறார் உறவினர் ஒருவர். மாமா பயந்துபோய் ஜாமீனிலிருந்து விலகப் போவதாகச் சொல்கிறார். கம்பெனி கொடுத்த படிவத்தில் குற்ற வழக்கு பற்றிய கேள்வி இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் வேறு அங்கே வரச்சொல்லி அழைக்கிறார். "என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அலுவலரை ஏமாற்ற வேண்டும் என்று நீங்கள் கிளம்பவில்லை. நல்ல வேலை கிடைத்தது, போய்விட்டீர்கள், பிறகு சொல்லப் பயமாகிவிட்டது. நீதிமன்றம் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான் இது. ஆனால் நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு வாரமும், இதைப் புரியவைப்பது கடினமாகிக்கொண்டே போகும். உறவினர் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் நான் சொல்லப்போகிறேன். இந்த வாரமே, நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

கேஸ் முடிந்துவிட்டதா?

முடியவில்லை. உங்கள் கடிதத்தில் நன்னடத்தைப் பிணையை ஜாமீன் என்றே பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஊரில் பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள், அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஜாமீன் என்பது பெரும்பாலும் தீர்ப்புக்கு முன்னால் கிடைப்பது. பரோல் என்பது தண்டனை அனுபவிக்கும் கைதிக்குக் கிடைக்கும் தற்காலிக விடுப்பு. உங்களுக்குக் கிடைத்திருப்பது இரண்டும் அல்ல. குற்றம் நிரூபணமாகிவிட்டது, ஆனால் என்ன தண்டனை என்பதை நீதிமன்றம் சொல்லாமல் தள்ளிவைத்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 4-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான்: அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றம் குறிப்பிடும் காலம்வரை அமைதியாகவும் நன்னடத்தையோடும் இருப்பேன், கூப்பிடும்போது வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்வேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே இருப்பது.

ஆகவே உங்கள் 324 வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. "சும்மா கையெழுத்து" என்று உறவினர் சொன்னது ஜாமீன் நிபந்தனைக்காக ஸ்டேஷனில் போடும் கையெழுத்தை மனத்தில் வைத்து என்று நினைக்கிறேன். அதைத் தவறவிட்டாலும் ஜாமீன் ரத்தாகலாம் என்பது வேறு விஷயம்.

சொல்வது வேறு, அனுமதி பெறுவது வேறு

"அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் புது அட்ரஸ் அனுப்பிவிட்டால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. உங்கள் நிபந்தனைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

போன் நம்பர் மாறியது, வேலை மாறியது, உடம்பு சரியில்லாமல் ஒரு சந்திப்புக்கு வரமுடியாதது, போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டது போன்றவை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டியவை. சொன்னால் கடமை முடிந்தது. முன்கூட்டியே சொல்ல முடிந்தால் நல்லது, இல்லையென்றால் உடனே.

வசிப்பிடம் அப்படி அல்ல. உங்கள் உத்தரவில் "நீதிமன்ற அனுமதி இல்லாமல்" என்று இருக்கிறது. அலுவலர் வாயால் "சரி, போய் வா" என்று சொன்னாலும் அது நீதிமன்ற அனுமதி ஆகாது. அலுவலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாளை அவர் மாற்றலாகிப் போனால் அந்த வாய்வார்த்தைக்கு எந்தப் பதிவும் இருக்காது. நிபந்தனையை மாற்றும் அதிகாரம் அதே நன்னடத்தைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்துக்குத்தான் இருக்கிறது, அதுவும் நன்னடத்தை அலுவலர் மனுச் செய்தால். உங்களையும் ஜாமீன்தாரரையும் கேட்காமல் நீதிமன்றம் மாற்ற முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அதனால் உங்கள் புது முகவரி சட்டப்படி செல்ல வேண்டுமென்றால், பாதை அலுவலர் வழியாகத்தான் போகிறது. அவரைத் தவிர்த்துவிட்டு எதுவும் நடக்காது.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. வேலைக்காக ஊர் மாறுவதை இந்தச் சட்டம் குற்றமாகப் பார்க்கவில்லை. நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் 4-ஆம் பிரிவில் விடுவிக்கவே முடியும். தேவைப்பட்டால் வேலை தேடித்தர முயல்வதும் நன்னடத்தை அலுவலரின் கடமை என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவர் வேறு மாவட்டத்துக்குப் போனால், அவர் இப்போது வசிக்கும் மாவட்டத்தின் மாவட்ட மாஜிஸ்திரேட்டோ, உத்தரவிட்ட நீதிமன்றமோ வேறொரு நன்னடத்தை அலுவலரை நியமிக்க 13-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பதால், அங்குள்ள அலுவலரிடம் உங்கள் மேற்பார்வையை மாற்றிக் கேட்கலாம். மாதாமாதம் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறிச் சொந்த ஊருக்கு ஓட வேண்டிய அவசியம்கூட இருக்காது. கிளம்புவதற்கு முன்பே இதைக் கேட்டிருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும். இப்போதும் கேட்கலாம், ஆனால் விளக்கத்தோடு கேட்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குத் தெரிந்தால்

நீங்கள் பயப்படுவது இதற்குத்தான், அதனால் சட்டத்தில் உள்ளதை அப்படியே சொல்கிறேன். நிபந்தனையை மீறியதாக அலுவலரின் அறிக்கையாலோ வேறு வழியிலோ நீதிமன்றம் நம்பக் காரணம் இருந்தால், 9-ஆம் பிரிவின்படி கைது வாரண்ட் பிறப்பிக்கலாம், அல்லது உங்களுக்கும் ஜாமீன்தாரருக்கும் சம்மன் அனுப்பலாம். இரண்டில் எது என்பது நீதிமன்றத்தின் முடிவு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இருக்கும் இடம் தெரிந்தவருக்குத்தான் சம்மன் கொடுக்க முடியும். பழைய முகவரியில் ஆள் இல்லை, போன் நம்பரும் வேலை செய்யவில்லை என்று அறிக்கை போனால், நீதிமன்றத்தின் கையில் மிஞ்சுவது வாரண்ட்தான். நீங்கள் எதற்குப் பயந்து ஒளிந்திருக்கிறீர்களோ, அதை ஒளிந்திருப்பதாலேயே வரவழைத்துக்கொள்கிறீர்கள்.

நீதிமன்றத்தில் ஆஜரானதும் உடனே சிறை என்று இல்லை. விசாரணை முடியும்வரை காவலில் வைக்கவும் முடியும், ஜாமீனில் விடவும் முடியும். உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் முடிவு. மீறல் உண்மைதான் என்று தெரிந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பழைய குற்றத்துக்கான தண்டனையை அப்போதே விதிப்பது. மற்றொன்று, முதல்முறை மீறல் என்றால் பிணையை அப்படியே தொடரவிட்டு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதம் விதிப்பது. ஐம்பது ரூபாய்தானே என்று லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1958-இல் எழுதிய தொகை அது. முதல் தவறைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பொருள். அது உங்கள் உரிமை அல்ல, நீதிமன்றம் விரும்பினால் தருவது. இரண்டாவது முறைக்கு அந்த வழி கிடையாது. அந்தத் தொகையைக் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டாலும் பழைய குற்றத்துக்கான தண்டனைக்கு வழி திறந்துவிடும்.

எனவே "சொன்னால் கைதாவேனா?" என்ற உங்கள் கேள்விக்கு, கைதே நடக்காது என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் தானே வந்து, காரணம் சொல்லி, வேலைச் சான்றோடு நிற்பவரையும், வாரண்டில் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தப்படுபவரையும் எந்த மாஜிஸ்திரேட்டும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

முதலில் செய்ய வேண்டியவை

உத்தரவின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வை உத்தரவின் பிரதி ஒன்றை உங்களுக்கும், ஜாமீன்தாரருக்கும், அலுவலருக்கும் நீதிமன்றம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உங்களுடையது தொலைந்திருந்தால் மாமாவிடம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு வாங்கலாம். கடிதத்தில் நீங்கள் நினைவிலிருந்து எழுதியிருக்கும் நிபந்தனைகளோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இழப்பீட்டுக்குக் கடைசித் தேதி, அலுவலருக்குத் தகவல் தர வேண்டிய காலம் போன்றவற்றைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, முடிந்தால் ஒரு வழக்கறிஞரோடு போய் அலுவலரை நேரில் பாருங்கள். உங்கள் வழக்கை நடத்தியவரே போதும். பணம் இல்லையென்றால், உங்கள் வருமானம் இலவச சட்ட உதவிக்கான வரம்புக்குள் வருகிறதா என்று மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது கையோடு ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும். இப்படி எழுதலாம்:

"வழக்கு எண் (...) இல் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி நான் தங்கள் மேற்பார்வையில் இருக்கிறேன். (...) தேதி முதல் ஓசூரில் உள்ள தொழிற்சாலையில் வேலை பார்த்து, கீழ்க்கண்ட முகவரியில் தங்கியிருக்கிறேன். முன் அனுமதி பெறாமல் சென்றது என் தவறு. (...) மற்றும் (...) மாதச் சந்திப்புகளுக்கு வரவில்லை. என் புதிய கைபேசி எண் (...). வசிப்பிட நிபந்தனையை மாற்றவும், மேற்பார்வையை அந்த மாவட்டத்துக்கு மாற்றவும் நீதிமன்றத்தில் மனுச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வேலைச் சான்றும் வீட்டு வாடகை ஒப்பந்த நகலும் இணைத்துள்ளேன்."

இதற்கு மேல் கதை வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போன் தொலைந்துவிட்டது என்று நடக்காததைச் சேர்க்காதீர்கள். அலுவலர் விசாரிப்பார். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளுக்கும் மதிப்புப் போய்விடும். கடிதத்தின் இரண்டாவது பிரதியில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அலுவலர் வெளியே போயிருந்தால் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், அதோடு ஸ்பீட் போஸ்டிலும் ஒன்று அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கறிஞர் அதே விவரத்தை ஒரு மெமோவாக நீதிமன்றத்திலும் தாக்கல் செய்வது நல்லது. இனி ஒவ்வொரு சந்திப்பையும் ஒரு நோட்டில் தேதியிட்டுக் குறித்துவையுங்கள்.

அனுமதி வரும்வரை வேலையை விட வேண்டுமா? இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். முறைப்படி பார்த்தால், அனுமதி இல்லாமல் அங்கே தங்கும் ஒவ்வொரு நாளும் மீறல் தொடர்கிறது. கம்பெனியில் பத்துப் பதினைந்து நாள் விடுப்புக் கிடைக்குமானால் எடுத்துக்கொண்டு பழைய முகவரியில் இருந்து இந்த வேலைகளை முடியுங்கள். விடுப்பே கிடைக்காது, வேலை போய்விடும் என்றால், அதையும் கடிதத்தில் எழுதி, மனுவை விரைந்து எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். வேலையை உதறிவிட்டு ஊரில் சும்மா உட்கார்வதும் உங்களுக்கு நல்லதல்ல என்றே நினைக்கிறேன்.

இழப்பீட்டில் 8,000 ரூபாய் கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். மீதியை அபராதம் போலவே வசூலிக்க நீதிமன்றத்தால் முடியும், அதனால் சம்பளம் வந்ததும் கட்டிவிடுங்கள். புகார்தாரர் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். நீதிமன்றத்தில் கட்டி ரசீது வாங்குங்கள்.

ஸ்டேஷனில் இருக்கும் மனு

சிஎஸ்ஆர் என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டும். அது எஃப்ஐஆரும் அல்ல, நீங்கள் தவறு செய்தீர்கள் என்பதற்கான தீர்ப்பும் அல்ல. வாய்த்தகராறோடு முடிந்தது என்றால் அதுமட்டுமே உங்கள் பிணையை முறித்துவிடாது. ஆனால் "எந்த வம்புக்கும் போகக் கூடாது" என்ற நிபந்தனை இருப்பதால், இதை நீதிமன்றம் கேட்கத்தான் செய்யும். அலுவலர் இதைப் போலீஸ் மூலமாகவோ புகார்தாரர் மூலமாகவோ தெரிந்துகொள்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். போலீஸ் கூப்பிட்டால் வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போங்கள். போகாமல் இருக்காதீர்கள். சமாதானம் பேசுகிறேன் என்று அந்த வீட்டு வாசலுக்குப் போகவே கூடாது. நல்ல எண்ணத்தோடு போய்ப் புது எஃப்ஐஆரோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பிணைக்காலம் முடியும்வரை ஊர்த் திருவிழாக்களில் அந்தக் குடும்பம் நிற்கும் பக்கமே போகாமல் இருப்பது உங்களுக்கு நல்லது.

கம்பெனி படிவம்

"சட்டப்படி எனக்குத் தண்டனையே இல்லை, அதனால் 'இல்லை' என்று எழுதலாம் என்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். 12-ஆம் பிரிவை அரைகுறையாகப் புரிந்துகொண்டு சொல்வது இது. நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்கு, குற்றவாளி என்ற தீர்ப்பினால் சட்டப்படி வரும் தகுதியிழப்புகள் வராது என்கிறது அந்தப் பிரிவு. தீர்ப்பே இல்லாமல் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. 1975-இல் தெற்கு ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: நன்னடத்தைப் பிணை கிடைத்தாலும் குற்றவாளி என்ற முடிவு அழிவதில்லை, அந்த நடத்தைக்காகத் துறை நடவடிக்கை எடுக்கலாம், அதே சமயம் யோசிக்காமல் உடனடியாக வேலைநீக்கம் செய்துவிடவும் கூடாது.

எனவே கேட்ட கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். "நிலுவையில் வழக்கு உண்டா?" என்று மட்டும் கேட்டிருந்தால் பதில் வேறு. "குற்றவாளியாகத் தீர்மானிக்கப்பட்டதுண்டா?" என்று கேட்டிருந்தால், ஆம், 324-ஆம் பிரிவில், நன்னடத்தைச் சட்டத்தின்படி விடுவிக்கப்பட்டேன் என்று ஒரு வரியில் எழுதுங்கள். வேலை கிடைக்காமல் போகும் வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிறகு எப்போதாவது அரசு வேலைக்கு முயன்றால், மறைத்தது வழக்கைவிடப் பெரிய தடையாகும். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சரிபார்ப்புப் படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், தண்டனையோ நிலுவை வழக்கோ மறைக்கப்படக் கூடாது என்றது. உண்மையைச் சொன்னவரின் விஷயத்திலும் அவர் தகுதியை எடைபோடும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு என்றும் சொன்னது.

12-ஆம் பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது, அது உங்களுக்கு மிக முக்கியம். பிணையை மீறி, பிறகு பழைய குற்றத்துக்குத் தண்டனை விதிக்கப்பட்டால், இந்தப் பாதுகாப்பு போய்விடும். இரண்டு சந்திப்பைத் தவறவிட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு, சிறையைவிட இது பெரிய காரணம்.

சிங்கப்பூர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேற்பார்வை நடக்கும் காலத்தில், நீதிமன்ற அனுமதி இல்லாமல் வெளிநாடு போவது முழு மீறல். அந்த யோசனையைப் பிணைக்காலம் முடியும்வரை தள்ளிவையுங்கள்.

மாமாவின் நிலை

மாமா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் தவறுக்காக அவர் உங்களுடைய தண்டனையை அனுபவிக்க வேண்டியதில்லை. அவருடையது பணப் பொறுப்பு. பிணை பறிமுதல் செய்யப்பட்டால், காரணம் கேட்டு அவருக்கு நோட்டீஸ் வரும்; அவர் பதில் சொல்லலாம்; பத்திரத்தில் எழுதிய தொகையைக் குறைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டவும் இல்லை, வசூலிக்கவும் முடியவில்லை என்ற நிலை வந்தால்தான் ஆறு மாதம்வரை சிவில் சிறையில் வைக்க இடம் இருக்கிறது. அந்த நோட்டீஸை அவர் பிரித்துப் பார்க்காமல் வைத்துவிடக் கூடாது.

இந்த நேரத்தில் அவர் விலகினால், நீங்கள் வேறு ஜாமீன்தாரரோடு நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும். மீறல் விசாரணையும் அதோடு சேர்ந்துகொள்ளும். அதனால் அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். ஓசூர் முகவரி, கம்பெனி பெயர், புது நம்பர் எல்லாவற்றையும் எழுதிக்கொடுங்கள். உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதே தெரியாமல் இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. அவருடைய கோபத்தில் பாதி அதற்காகத்தான் இருக்கும். வசிப்பிட நிபந்தனையை மாற்றும் மனுவில் அவரையும் நீதிமன்றம் கேட்கும் என்பதால், அலுவலரைப் பார்க்கப் போகும் நாளில் அவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.